கிளாட்டில் 56.5: மறுபடி எழுதலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: சார், திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். பத்தாவது வரை தமிழ் வழி, பிளஸ் டூ ஆங்கில வழி. பிளஸ் டூ படிக்கும்போதே போன டிசம்பரில், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதினேன். 120-க்கு 56.5 வந்தது. எங்கும் இடம் கிடைக்கவில்லை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று ஆசை. ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதுகிறேன் என்கிறேன். "அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிடு, வருஷத்தை வீணாக்காதே" என்கிறார் அப்பா. பிரிவுவாரியாக என் மதிப்பெண் கணக்கை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைவிட நீங்கள் இணைத்த கணக்குதான் எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி எழுதப்போகிறேன் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தன் மொத்த மதிப்பெண் மட்டும்தான் தெரியும். எங்கே போனது என்று தெரியாது.

முதலில் விதிமுறை. கிளாட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது. பிளஸ் டூவில் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். பழைய மதிப்பெண் அந்த ஆண்டோடு முடிந்தது, அடுத்த முறை யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 66 சரி, 38 தவறு, 16 எழுதவே இல்லை. ஒரு தவறுக்கு கால் மதிப்பெண் கழியும். ஆக 38 தவறுக்கு 9.5 போய், 66 என்பது 56.5 ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் 24-க்கு 17 சரி, 6 தவறு. நடப்பு நிகழ்வில் 28-க்கு 14 சரி, 11 தவறு. சட்டப் பகுதியில் 32-க்கு 18 சரி, 13 தவறு. தர்க்கத்தில் 24-க்கு 14 சரி, 7 தவறு. கணக்கில் 12-க்கு 3 சரி, 1 தவறு, 8 காலி.

அந்த எட்டுக் காலி எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கணக்கைக் கடைசிக்கு வைத்திருப்பீர்கள், மணி நான்கு ஆகித் தேர்வு முடிந்திருக்கும். அதெல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்குதான்: சதவீதம், விகிதம், சராசரி. ஒரு பத்தியோ அட்டவணையோ கொடுத்து அதிலிருந்து எண்ணை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த நாலில் மூன்று சரி என்றால் உங்களுக்குக் கணக்கு வராது என்று அர்த்தமில்லை, நேரம் வரவில்லை. அடுத்த முறை கணக்கை நடுவில் வையுங்கள். தேர்வே 120 நிமிடத்துக்கு 120 கேள்வி. அதற்குள் சுமார் 450 சொல் வரை நீளும் பத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க வேண்டும். பிடித்த பகுதியில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் அது வேறெங்கோ காலியாகத்தான் தெரியும்.

எனக்குக் கவலை தருவது சட்டப் பகுதியின் அந்த 13 தவறுகள். அங்கே முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்படியும் தவறு வருகிறது என்றால், பத்தியை விட்டு வெளியே போகிறீர்கள். ஒரு உதாரணம். பத்தி இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: கடையில் பொருளுக்கு விலை எழுதி வைப்பது விற்பதற்கான முன்மொழிவு ஆகாது, அது வாங்க வரும்படி விடுக்கும் அழைப்பு மட்டுமே. பணத்தை நீட்டும்போது வாங்குபவர்தான் முன்மொழிகிறார். கடைக்காரர் அதை ஏற்கலாம், மறுக்கலாம்.

இப்போது கேள்வி: மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரர் 5,000 ரூபாய் செல்போனுக்குத் தவறுதலாக 500 என்று சீட்டு ஒட்டிவிட்டார். ஒருவர் 500 ரூபாயை மேஜையில் வைக்கிறார், கடைக்காரர் தர மறுக்கிறார். அவரைக் கட்டாயப்படுத்த முடியுமா? நாலு விடை. ஒன்று, முடியும், விலை எழுதியிருக்கிறதே. இரண்டு, முடியாது, முன்மொழிந்தது வாங்குபவர், மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. மூன்று, முடியும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான்கு, முடியாது, அது தெரியாமல் நடந்த பிழை.

மூன்றாவதில் விழுகிறவர்கள் செய்தித்தாள் படிக்கிறவர்கள். நான்காவதில் விழுகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். "பாவம், தெரியாமல் ஒட்டிவிட்டார்" என்று தோன்றும், முடிவும் "முடியாது" என்று சரியாகவே இருக்கும். ஆனால் பத்தி பிழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வேண்டுமென்றே 500 என்று ஒட்டியிருந்தாலும் விடை இதேதான். இரண்டாவது மட்டுமே பத்தி சொன்ன காரணத்தில் நிற்கிறது. உங்கள் 13 தவறையும் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "பத்திக்கு வெளியே போனேன்", "முடிவு சரி, காரணம் தப்பு", "வாக்கியமே புரியவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். முதல் இரண்டும் பழக்கத்தில் சரியாகும். சம மதிப்பெண் வந்தால் முதலில் சட்டப் பகுதி மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் இந்த உழைப்புக்கு இரட்டைக் கூலி.

மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் விஷயம் வேறு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. கணக்கு, தர்க்கம் எல்லாமே ஆங்கில வாசிப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் வழியில் வந்தவர்களுக்கு இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் இந்த டிசம்பருக்குள் அது மாறப்போவதில்லை.

வீட்டிலிருந்து படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு பழைய கிளாட் தாளை எடுத்து, கடிகாரமே இல்லாமல் எழுதுங்கள். ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. 120-க்கு 85-ஐத் தாண்டினால் உங்கள் பிரச்சினை வேகம், டிசம்பருக்குள் அதைச் சரிசெய்ய முடியும். நேரம் கொடுத்தும் 60-ஐச் சுற்றியே நின்றால் பிரச்சினை வாசிப்பு. அதற்கு மாதிரித் தேர்வுகள் உதவாது, தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலத் தலையங்கமும் கட்டுரையும் வாசிப்பதுதான் வழி. அதைக் கல்லூரிக்குப் போய்க்கொண்டே செய்யலாம், வீட்டில் உட்கார வேண்டியதில்லை. 85, 60 என்பவை என் அனுபவக் கணக்கு, எங்கும் அச்சிட்ட விதி அல்ல.

பழைய தாள் என்றால் 2020 முதல் வந்தவை மட்டும். அதற்கு முன் 200 கேள்விகள், பத்தி இல்லாத நேரடிக் கேள்விகள், வேறு தேர்வு அது. 2020 முதல் 2023 வரை 150 கேள்விகள். 2024 தேர்விலிருந்து 120. அண்ணன் வைத்திருந்த தடிமனான கைடு என்று யாராவது கொடுத்தால் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள்.

நடப்பு நிகழ்வில் பத்தி கொடுப்பார்கள், ஆனால் விடை பத்திக்குள் இருக்காது. செய்தியின் முன்கதை தெரிந்திருக்க வேண்டும். தமிழக ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த வழக்கையே எடுங்கள். 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் படித்தால் போதாது. அரசியலமைப்பின் 200-வது பிரிவு என்ன சொல்கிறது, அப்புறம் குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின்கீழ் கருத்துக் கேட்டது, நவம்பர் 20-இல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது, எல்லாம் ஒரே கொத்தாக ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். போன வருடக் குறிப்பில் செய்தி பழசாகியிருக்கும், முன்கதை பழசாகாது. தூக்கிப் போடாதீர்கள்.

கால் மதிப்பெண் கழியுமே என்று பயந்து கேள்வியைக் காலியாக விடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாலு விடையில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், 0.06 வரும். இரண்டை உறுதியாக அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் 0.375. ஆகவே இரண்டுக்கு வந்துவிட்டால் விடாதீர்கள். ஒன்றையும் அடிக்க முடியாத கேள்வியில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

மாதிரித் தேர்வை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முதல் நான்கு வரை, விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளில், பேனாவால் எழுதுங்கள். உண்மையான தேர்வும் அந்த நேரம்தான். வீட்டில் வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள், மூன்றாவது பத்தியில் கண் சொருகும். வட்டங்களை ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்து, ஒரு வரிசை தள்ளிப்போய் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியும் அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே எடுக்கின்றன, நுழைவுத் தேர்வு இல்லை. அங்கே இடம் கிடைத்தால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் சேர்ந்துவிடுவேன். சேர்ந்துகொண்டே டிசம்பரில் எழுதுவேன். கடிகாரமில்லாத சோதனையில் 85 தாண்டி, அங்கேயும் இடம் கிடைக்காதபோதுதான் வீட்டிலிருந்து படிப்பதை யோசிப்பேன்.

ஒன்று மட்டும் தெரிந்து சேருங்கள். அடுத்த ஆண்டு திருச்சியில் இடம் கிடைத்தால் இரண்டாம் ஆண்டில் நேராகப் போய் உட்கார முடியாது, முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஒரு வருடம் எப்படியும் போகும், ஆனால் கையில் ஒரு இடத்தை வைத்துக்கொண்டு போகும். சேரும் அன்றே கல்லூரி அலுவலகத்தில், நடுவில் விலகினால் டி.சி.யும் அசல் மதிப்பெண் சான்றிதழும் எத்தனை நாளில் கிடைக்கும், கட்டணம் ஏதும் கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றிதழுக்கும் சான்றொப்பமிட்ட நகல் இரண்டு செட் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் கிளாட் விண்ணப்பம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.