முட்டாள் நாற்றும் விதையில்லாத் திராட்சையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விதையில்லாத திராட்சைக்கு ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நெல்லில் நோய் உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்துத்தான் அதை எடுக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அன்றிலிருந்து மகளுக்குத் திராட்சை கொடுக்க மனம் வரவில்லை. நோய்க்கிருமியின் கழிவைப் பழத்தில் தெளிப்பதா? செடியிலிருந்தே எடுக்கக் கூடாதா?

செ., கரூர்

அன்புள்ள செ.,

மகளுக்குத் திராட்சை கொடுங்கள். நன்றாகக் கழுவிக் கொடுங்கள். கழுவச் சொல்வது பூச்சிமருந்துக்காக. இந்த ஹார்மோனுக்காக அல்ல.

ஜப்பானிய உழவர்கள் நாற்றங்காலில் ஒரு விந்தையைக் கண்டார்கள். சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றைத் தாண்டி நெடுநெடுவென்று வளரும். பிறகு சாய்ந்து மடியும். பிழைத்தாலும் மணி பிடிக்காது. அதற்கு ‘பகானே’, அதாவது முட்டாள் நாற்று என்று பெயர் வைத்தார்கள். 1926இல், ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில், குரோசாவா என்ற ஆய்வாளர் அந்தப் பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்து, பூஞ்சையை முழுக்க வடிகட்டிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெடுநெடுவென்று நீண்டன. நாற்றை நீட்டியது பூஞ்சை சுரந்த ஒரு பொருள் என்பது அப்போது தெளிவாயிற்று. நினைக்கும்போதெல்லாம் என்னை வியக்கவைக்கும் சோதனை இது. வடிகட்டிய நீரே விடை சொல்லிவிட்டது. 1935இல் ஜப்பானிய வேதியியலாளர் யபுதா அதற்கு ஜிப்ரெலின் என்று பெயரிட்டார். திராட்சைக்குத் தெளிக்கும் ஜிப்ரெலிக் அமிலம் ஜிப்ரெலின்களில் ஒன்று.

உங்கள் கேள்விக்கு நேரான விடை 1958இல் இங்கிலாந்தில் கிடைத்தது. பூஞ்சை தொடாத ஓர் அவரை இனத்தின் முற்றாத விதைகளிலிருந்து மெக்மில்லன் என்ற வேதியியலாளர் ஒரு ஜிப்ரெலினைப் பிரித்தெடுத்தார். செடிகள் தம் வளர்ச்சிக்காகத் தாமே சுரக்கும் பொருளைத்தான் பூஞ்சையும் செய்கிறது. ஆகவே அதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியானால் செடியிலிருந்தே எடுக்கலாமே என்பீர்கள். கிலோ கணக்கில் விதையை அரைத்தாலும் மில்லிகிராம் கணக்கில்தான் கிடைக்கும். ஆய்வகத்தில் முழுமையாகக் கட்டியெழுப்பவும் முடியும். 1978இல் அமெரிக்க வேதியியலாளர் கோரி அதைச் செய்து காட்டினார். ஆனால் படிகள் மிகப் பல, வணிகத்துக்கு ஒத்துவராது. பூஞ்சையோ சர்க்கரையையும் காற்றையும் கொடுத்தால் லிட்டருக்குக் கிராம் கணக்கில் தருகிறது.

தருகிறது என்றாலும் உடனே தருவதில்லை. தொட்டியில் நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை அது தன் உடலை மட்டுமே பெருக்கும். நைட்ரஜன் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சும்போதுதான் ஜிப்ரெலின் சுரக்கத் தொடங்கும். எவ்வளவு புண்ணாக்கு அல்லது சோயா மாவு போடுவது, எப்போது பட்டினி போடுவது என்ற கணக்கில்தான் இந்தத் தொழிலின் நுட்பமே இருக்கிறது. 1980களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், திரவத் தொட்டிக்குப் பதிலாக ஈரமான கோதுமைத் தவிட்டிலேயே இந்தப் பூஞ்சையை வளர்த்து ஜிப்ரெலிக் அமிலம் எடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். தவிடு மலிந்த நாட்டுக்கு ஏற்ற வழி அது.

உங்கள் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அதே பூஞ்சை வேறு பொருள்களையும் சுரக்கிறது. பிகாவெரின் என்ற சிவப்பு நிறமி அவற்றில் ஒன்று, நச்சுத்தன்மை உள்ளவையும் சில உண்டு. அதனால்தான் வடிநீரை அப்படியே விற்பதில்லை. கரைப்பானால் பிரித்து, படிகமாக்கித் தூய்மை செய்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தூய்மை எவ்வளவு என்பதே.

விதையில்லாத் திராட்சை வகையான தாம்சன் இயல்பிலேயே விதையற்றது. ஹார்மோன் தெளித்ததால் விதை போய்விடவில்லை. விதையுள்ள பழத்தில் விதைதான் ஜிப்ரெலின் சுரந்து சதையைப் பெருக்கவைக்கும். விதை இல்லாததால் தாம்சன் பழம் சிறுத்துப்போகிறது. அந்தக் குறையைத்தான் தெளிப்பு ஈடுகட்டுகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையை உங்கள் மகள் கடிக்கும்போது துப்பும் விதை இருக்கிறதே, அது செய்த வேலையும் இதுதான்.