பழைய முகமூடி என்றால் ரசீதில் எழுதித் தரட்டும்

கேள்வி: பாரிஸ் பக்கத்தில் சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு டோகோன் மான் முகமூடி, 900 யூரோ. நூறு வருஷப் பழசு, சடங்கில் ஆடியது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: முதலில் திருப்பிப் பாருங்கள். மாலி நாட்டு டோகோன் மக்கள், துக்கம் முடிக்கும் 'தாமா' சடங்கில் இந்த 'வாலு' மானை முகத்தில் கட்டி ஆடுவார்கள். சாயம் தோய்த்த நாரைக் கோக்க ஓரத்தில் துளைகள் போடுவார்கள். அந்தத் துளைகள் தேயாமல், உள்ளே உளித்தடம் கூராக இருந்தால் யாரும் அதை அணிந்து ஆடியிருக்க மாட்டார்கள்.

'சடங்கில் ஆடியது' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆடி முடித்த முகமூடிகள் பல, பாண்டியகரா மலைச்சரிவின் பாறைக் குகைகளில் கிடந்து கரையானுக்குப் போயின. கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை விற்பதற்கென்றே செதுக்கியவை. அதில் தவறில்லை. அதையே புகையில் கறுக்க வைத்து, மண்ணில் புதைத்தெடுத்துப் பழசு என்று விற்பதுதான் மோசடி. நானும் அப்படி ஒரு குரங்கு முகமூடிக்கு நிறையப் பணம் கொடுத்திருக்கிறேன்.

பிரான்சில் 1981 மார்ச் 3ஆம் தேதி ஆணை உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்டால், பொருள் எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று சொன்னதையெல்லாம் ரசீதில் எழுதித் தர வேண்டும். காலத்தை எழுதினால் அவர்தான் பொறுப்பு. 'டோகோன் பாணி' என்று மட்டும் எழுதினால் எந்த உத்தரவாதமும் கிடையாது. எழுத மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: விற்றவரே சான்றிதழ் கொடுத்தார். போதுமா?

பதில்: போதாது.

கேள்வி: ரசீது வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகச் சொன்னார், சம்மதித்தேன். இப்போது போலியோ என்று சந்தேகம்.

பதில்: எதை வைத்து வழக்காடப் போகிறீர்கள்? கையில் காகிதமே இல்லையே! அடுத்த முறையாவது ரசீதை விடாதீர்கள்.

கேள்வி: அம்மா தன் ஓய்வூதியத்தில் இணையத்தில் ஒரு முயல் முகமூடி வாங்கினார். 1930களைச் சேர்ந்தது என்று விளம்பரம். வந்ததும் பூச்சி அரித்து மரத்தூள் கொட்டுகிறது.

பதில்: அம்மாவை யாரும் குறை சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக் கடையில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் நீக்கிவிடக்கூடும். முகமூடியைத் துடைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். 14 நாள் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். 1930கள் என்று எழுதி விற்றது அவர்தான், அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.