பிரேக் போட்டால் தோல்வியா?

கேள்வி: கோவையில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. அந்தத் தைரியத்தில் போன வருடம் இரண்டாவது கடை திறந்தேன். அங்கே வரும் லாபம் வாடகைக்கே போதவில்லை. முதல் கடைப் பணத்தை எடுத்துப் போடுகிறேன். மூடலாம் என்றால், "வாழ்க்கை ஒரு ரேஸ், ஆக்ஸிலேட்டரை விட்டவன் காலி" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்லலாமா! நேர் பாதையில் ஆக்ஸிலேட்டரை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். இத்தாலியின் மோன்சா டிராக்கில் ஃபார்முலா ஒன் கார்கள் 350 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வந்து, முதல் திருப்பத்தில் நூறுக்கும் கீழே இறங்குகின்றன. எந்த இடத்தில் பிரேக்கைத் தொடுகிறார் என்பதில்தான் ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

நிக்கி லவுடா என்ற ஆஸ்திரிய ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் 1976-ஆம் வருடத்தைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அவருடைய ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள்தான் இழுத்துப்போட்டுக் காப்பாற்றினார்கள். தலையும் முகமும் வெந்து, நச்சுப்புகை நுரையீரலைக் கெடுத்திருந்தது. பிழைக்க மாட்டார் என்று பாதிரியாரையே வரவழைத்துவிட்டார்கள். மனிதர் ஆறே வாரத்தில், காயம் ஆறாத தலையோடு மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது மிச்சக் கதை. அக்டோபர் 24, ஜப்பானின் ஃபூஜி. அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். உலகப் பட்டத்துக்கான புள்ளிக் கணக்கில், போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டைவிட லவுடா 3 புள்ளி முன்னால். கொட்டுகிற மழை; தீக்காயத்தால் அவருக்குக் கண்ணை ஒழுங்காக இமைக்கவும் முடியவில்லை. இரண்டு சுற்று ஓட்டினார், உள்ளே வந்து காரை நிறுத்திவிட்டார். என்ஜின் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என ஃபெராரியின் பொறியாளர் ஃபோர்கியரி சொல்லிப் பார்த்தார். லவுடா ஒத்துக்கொள்ளவில்லை. ஹன்ட் மூன்றாவதாக வந்து, ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிச்சென்றார். இத்தாலியப் பத்திரிகைகள் லவுடாவைக் கோழை என்று கூடத் திட்டின. அடுத்த வருடம் பட்டம் லவுடாவுக்கே.

மோன்சாவில் ஓட்டியவரும் ஃபூஜியில் நிறுத்தியவரும் ஒரே ஆள். இரண்டு தடவையும் அவர் பார்த்தது அன்றைய டிராக்கையும் தன் உடம்பையும்தான்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். நஷ்டத் தொகையைவிட எனக்குப் பயம் முதல் கடையைப் பற்றி. மெக்கானிக் வந்து கிளட்ச் பிளேட் கேட்டால், "நாளைக்கு வாங்கண்ணா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டீர்களா? மொத்த வியாபாரிக்குப் பாக்கி தள்ளிப்போகிறதா? ஆமாம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டாம், மூடுங்கள். பாகம் கிடைக்காத மெக்கானிக் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பழகிவிட்டால் திரும்ப மாட்டார். இல்லை, முதல் கடை தெம்பாகத்தான் இருக்கிறது என்றால் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாடகையும் சம்பளமும் அந்தக் கடையிலிருந்தே வர வேண்டும். அந்தத் தேதியை வீட்டில் சொல்லிவையுங்கள், நண்பர்களிடம் வேண்டாம்.

மூடுவதானால் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று முதலில் பாருங்கள். அட்வான்ஸில் வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். வேலை பார்க்கும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஏன் மூடினாய் என்று ஊர் கேட்டால், "ரோடு வேலை, பார்க்கிங் இல்லை" என்றெல்லாம் காரணம் தேடாதீர்கள். வியாபாரம் ஆகவில்லை, மூடிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.