யாரிடம் கேட்டு மதிப்பிடுகிறார்கள்?

கேள்வி: எங்கள் கிராமத்து வாழ்வாதாரத் திட்டத்தை மதிப்பிட வந்தவர்கள், பொதுநோக்கு மண்டபத்தில் சங்க நிருவாகத்தினரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பினார்கள். இளையோரையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்க்க வழி இல்லையா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: உண்டு. முதலில் கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றவேண்டும். காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால், கூலிவேலைக்குப் போகும் குடும்பத் தலைவியும், விடியுமுன்னரே ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடும் இளம்பெண்ணும், போரில் காலை இழந்து சக்கர நாற்காலியில் இருப்பவரும் (மண்டப வாசலில் மூன்று படிகள் இருந்தாலே போதும்) வரமாட்டார்கள். அவர்களிடம் மாலையில் வீட்டுக்கே போய்ப் பேசலாம். உதவிப் பட்டியலைத் தயாரித்தவர் அருகில் நிற்கக்கூடாது, ஏனெனில் அவர் முன்னிலையில் எவரும் குறை சொல்லத் துணியமாட்டார்.

இளையோரைப் பதில் சொல்பவர்களாக மட்டும் வைத்திருப்பது எனக்கு உடன்பாடன்று. கேள்விகளை வகுப்பதிலேயே அவர்களைச் சேர்த்து, தரவு சேகரிக்கும் வேலைக்குரிய கொடுப்பனவையும் வழங்கவேண்டும். கோழிக்கூடு கிடைத்ததா என்று படிவம் கேட்கும். ஊர்ப் பிள்ளையோ, அந்தக் கூட்டில் இப்போது விறகு அடுக்கியிருப்பது ஏன், தீனி விலை கட்டவில்லையா என்று கேட்பாள்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு (OECD) உதவித் திட்டங்களுக்காக 1991இல் வகுத்த ஐந்து மதிப்பீட்டு அளவுகோல்களோடு, 2019இல் ஒத்திசைவு (மற்றத் திட்டங்களோடு இணங்கிப் போகிறதா என்பது) ஆறாவதாகச் சேர்ந்தது. ஆனால், அந்த ஐந்தில் ஒன்றான பொருத்தப்பாடு (திட்டம் மக்களின் தேவைக்குப் பொருந்துகிறதா என்பது) யாருக்கு என்பதை அந்த வீட்டு முற்றத்தில்தான் கேட்டறியமுடியும். முடிவறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தையும் உங்கள் சங்கம் எழுத்தில் கோரலாம்.