குசினியில் செபிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

காலை ஐந்து மணிக்கு எழும்பினால் இரவு பத்து மணி வரை வேலைதான். செபிக்க நேரமில்லை என்றால், "வேலையே செபம்தானே" என்கிறா மாமி. அது சரியா, அல்லது மனதைத் தேற்றச் சொல்வதா?
– வாசகி, வெள்ளவத்தை

மாமி சொல்வதில் பாதி சரி. முணுமுணுத்தபடி தேய்த்தாலும் சட்டி சுத்தமாகும். அதனால் மட்டும் அது செபமாகிவிடாது. வேலைக்கு ஒரு தொடக்கம், நடுவில் ஆண்டவரிடம் திரும்பச் சில இடங்கள், ஒரு முடிவு, இவை மூன்றும் வேண்டும்.

எல்லா வேலையிலும் ஒரேயடியாகத் தொடங்கினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு கிழமையும் ஒரே ஒரு வேலையோடு செபித்தால் போதும். கை ஓட, மனம் சும்மா இருக்கும் வேலையாகப் பாருங்கள்: பாத்திரம் கழுவுவது, தேங்காய் துருவுவது, உடுப்பு மடிப்பது. கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னாலும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் கவனம் முழுக்க அங்கேயே இருக்கட்டும்.

இரவுப் பாத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். முதலில் சோற்றுப் பானையில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். குழாயைத் திறக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து, 70ஆம் சங்கீதத்தின் முதல் வரியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்: "கடவுளே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்." 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின்படி, சமையலறை முறைக்கு வருகிறவர் இதே வரியை மூன்று தடவை சொல்லித்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பிறகு கிளாஸ், கரண்டி, பீங்கான், கறிச்சட்டி கடைசி. அதை முதலில் தேய்த்தால் எண்ணெய் ஸ்பொஞ்சில் ஏறி, கிளாஸ் எல்லாம் பிசுபிசுக்கும். ஒவ்வொரு பீங்கானுக்கும் அதில் சாப்பிட்டவருக்காக ஒரு வரி சொல்லுங்கள். "நாளைக்குச் சோதனை, பயத்தை எடும்" என்ற அளவே போதும். நடுவில் மனம் ஸ்கூல் வான் காசுக்கு ஓடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த பீங்கானைக் கையில் எடுக்கும்போது திரும்பி வாருங்கள். சிங்கைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டு, ஒரு நன்றியோடு முடியுங்கள்.

போனில் பிரசங்கம் போட்டுக்கொண்டு கழுவுவது வேறு விஷயம். கேட்பது நல்லதுதான், ஆனால் அப்போது பேசுகிறவர் போதகர். நீங்கள் ஆண்டவரோடு பேசவில்லை.

இன்னொன்று: உட்கார்ந்து செபிக்கும் ஐந்து நிமிடத்தை இதைச் சொல்லி விட்டுவிடாதீர்கள். பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் பல வருடம் உழைத்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691), சட்டிபானை நடுவிலும் கடவுளோடு இருக்கலாம் என்று காட்டியவர். அவரும் மடத்துச் செப நேரங்களைத் தள்ளிவைக்கவில்லை.

அயன் பண்ணிக்கொண்டே செபமாலை சொல்கிறேன். எண்ணிக்கை தவறிவிடுகிறது. பாவமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பாவமில்லை. பராக்கைத் துரத்திப் பிடிக்கப் போவதே அதன் பொறியில் விழுவது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2729). ஆனால் சூடான அயனையும் மணிமாலையையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டாம். நைலோன் துணியில் ஒரு அருள்நிறை மந்திரத்துக்கு அயனை அப்படியே வைத்திருந்தால் ஓட்டை விழும். அயனுக்குக் குறுஞ்செபம் போதும். செபமாலையின் பத்து மணிகளின் கணக்கு உடுப்பு மடிக்கத்தான் பொருந்தும்: பத்து உடுப்பு மடித்தால் ஒரு பத்து முடிந்தது.

மார்த்தா, மரியா பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எல்லாரும் காலடியில் உட்கார்ந்தால் சமைப்பது யார்?
– வாசகி, வத்தளை

நியாயமான கோபம். லூக்கா 10ஐத் திரும்ப வாசியுங்கள்: வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் மரியா உட்கார்ந்து கேட்கிறாள்; தனியாகப் பணிவிடை செய்யும் மார்த்தா அவரிடம் முறையிடுகிறாள். ஆண்டவர் குறையாகச் சொன்னது சமையலை அல்ல, "பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்பதைத்தான். யோவான் 11:27இல், "நீரே மெசியா" என்று வாய்திறந்து அறிக்கையிடுகிறவளும் இதே மார்த்தாதான். அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் பந்தி பரிமாறுகிறாள். அங்கே அவளை யாரும் கண்டிக்கவில்லை. உயிர்த்த ஆண்டவரே கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் (யோவான் 21).

மார்த்தா தங்கையிடம் கேட்காமல் விருந்தாளியிடம் முறையிட்டாள். நம் வீடுகளிலும் அதேதான்: கணவரிடம் சொல்லாமல் அயலிடம் சொல்கிறோம். மேலே சொன்ன ஆசீர்வாதப்பர் ஒழுங்கில், நோயாளிகளையும் முக்கிய அலுவலில் இருப்பவர்களையும் தவிர யாருக்கும் சமையலறை விலக்கில்லை. கிழமைக்கு ஒருவர் முறை. சனிக்கிழமை அவர் துவாய்களைத் தோய்த்து, சாமான்களைப் பழுதில்லாமல் ஒப்படைப்பார். உங்கள் வீட்டிலும் பெயர்களை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பத்து வயதுப் பையன் அரிசி கழுவி ரைஸ் குக்கரில் போடட்டும். குழம்புவது பெரும்பாலும் இரண்டாம் கிழமையில்தான்: அவர்கள் மறப்பார்கள், நீங்களே செய்துவிடுவீர்கள். செய்யாதீர்கள். ஒரு இரவு சிங்கில் கோப்பை கிடந்தால் ஒன்றும் ஆகாது.

தவக்காலத்தில் வீட்டு வேலையோடு செய்யக்கூடிய ஒறுத்தல் என்ன?
– வாசகர், தெகிவளை

தொடர்மாடியில் இருப்பவருக்கு ஒன்று சொல்லலாம்: ஞாயிறு பூசைக்குப் பிறகு நுளம்புச் சுற்று. பிரிட்ஜின் பின் தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, பூச்சாடித் தட்டு, பல்கனியில் கிடக்கும் பழைய டப்பா. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தும்பு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை செய்தால் சரி. மேல்மாடிக் குழந்தைக்காகச் செய்வது இது. மத்தேயு 6 சொல்கிறபடி, யாருக்கும் சொல்லாமல் செய்யுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா சைவ சமயத்தவர். அவவையும் வேலையின்போது செபிக்கச் சொல்லலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

வேண்டாம். சம்பளத்துக்காக நிற்கிறவரிடம் அதைக் கேட்பது வற்புறுத்தலாகிவிடும். உங்கள் விசுவாசம் வேறு வழியில் தெரியட்டும். அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. மாதச் சம்பளமானால் சொன்ன திகதியில், கேட்கவைக்காமல் கொடுங்கள். லீவுக்கு வெட்ட வேண்டாம். ஆசீர்வாதப்பரின் அந்தப் பழைய ஒழுங்கிலேயே, பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு பரிமாறுகிறவர்களுக்கு அப்பமும் பானமும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, களைப்பும் முணுமுணுப்பும் இல்லாமல் அவர்கள் வேலை செய்வதற்காக. அவ வந்ததும் முதலில் தேத்தண்ணியும் இரண்டு துண்டு பாணும் கொடுங்கள், உங்கள் வீட்டுக் கோப்பையிலேயே.