அப்பா பெயரில் ஆர்.சி., மகன் விற்கும் பத்மினி: வாங்கி தினமும் ஓட்டலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கிறேன். தினமும் போக வர 30 கிலோமீட்டர். பழைய பியட் கார் மீது ரொம்ப நாள் ஆசை. காரைக்குடியில் ஒரு வீட்டு ஷெட்டில் நிற்கும் 1984 மாடல் பிரீமியர் பத்மினியை ₹85,000-க்குப் பேசி முடித்து, ₹20,000 அட்வான்ஸை புரோக்கருக்கு ஜிபே செய்துவிட்டேன். ஆர்.சி. விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் 2012-இல் இறந்துவிட்டார். ஆர்.சி. புக்கில் கடைசியாகப் புதுப்பித்தது 2014. அதுவும் 2019 மார்ச் 14-உடன் முடிந்துவிட்டது. ஆன்லைனில் நம்பரைப் போட்டால் விவரம் எதுவும் வரவில்லை. இன்ஜினை ஒருமுறை மாற்றியதாகச் சொல்கிறார்கள். "அப்பா கையெழுத்து போட்ட 29, 30 ஃபாரம் கைவசம் இருக்கு, நாங்க பாத்துக்கறோம். இல்லாட்டி விண்டேஜ்னு பதிஞ்சிடலாம், எல்லாம் சரியாயிடும்" என்கிறார் புரோக்கர். மீதியைக் கொடுத்து வண்டியை எடுக்கலாமா?

பதில்: மீதி ₹65,000 உங்களிடமே இருக்கட்டும். வண்டியையும் இப்போது எடுக்காதீர்கள். பத்மினியை தினசரி ஓட்ட சட்டத்தில் தடை இல்லை. தமிழ்நாட்டில் தனியார் பெட்ரோல் காரை வயதைக் காரணம் காட்டி மட்டும் ஓரங்கட்டும் உத்தரவு கிடையாது. பெட்ரோலுக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்று செய்தியில் வந்ததெல்லாம் டெல்லி சுற்றுவட்டாரத்துக்கானது. உங்கள் சிக்கல் காரின் வயதில் இல்லை, அதன் காகிதத்தில் இருக்கிறது.

முதலில் அந்த விண்டேஜ் பேச்சை முடித்துவிடுவோம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த ஏற்பாட்டின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் விண்டேஜ். 1984 பத்மினிக்கு அந்த வயது 2034-இல்தான் வரும். அப்படியே வந்தாலும் உங்களுக்கு அது உதவாது. ₹20,000 கட்டி விண்டேஜாகப் பதிந்த காரை கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போய் வர முடியாது. நாளைக்கு நீங்கள் 1970 மாடல் பியட்டையே வாங்கினாலும், தினசரி ஓட்டுவதாக இருந்தால் அதைச் சாதாரண தனியார் பதிவிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது அந்த 29, 30 ஃபாரம். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர். அவர் 2012-இல் காலமாகிவிட்டார். அவர் உயிரோடு இருந்தபோதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும், இன்றைய தேதி போட்டு அதைக் கொடுத்தால் இறந்தவர் உங்களுக்கு விற்றதாக ஆகிவிடும். பின்னால் ஒரு மகள் வந்து ஆட்சேபித்தால், பொய் ஆவணத்தை உண்மையென்று பயன்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 340-இன் கீழ் கேள்வி கேட்கப்படுபவர்களில் நீங்களும் இருப்பீர்கள். விண்ணப்பத்தில் வாங்குபவர் கையெழுத்து உங்களுடையதல்லவா?

உங்கள் கடிதத்திலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது, கவனித்தீர்களா? அப்பா இறந்தது 2012, ஆர்.சி. புதுப்பித்தது 2014. புதுப்பிக்கும் படிவம் 25-இல் யாரோ அவர் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகள் யோசிக்காமல் செய்கிற காரியம்தான், கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55(5) கண்டிப்பானது: பொய்யான ஆவணத்தின் பேரில் பதிவு பெற்றதாகத் தெரிந்தாலோ, வண்டியில் உள்ள இன்ஜின் அல்லது சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டாலோ, உரிமையாளருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகு பதிவை ரத்து செய்ய வேண்டும். உங்கள் காரில் இரண்டுக்குமே இடம் இருக்கிறது. ஆகவே இதைச் சரிசெய்கிற வேலை முழுவதும் வாரிசுகள் பெயரில், அவர்கள் கையெழுத்தில், அவர்கள் செலவில் நடக்க வேண்டும்.

சரியான வழி இரண்டு கட்டமாகப் போகும். சட்டப்படி, அப்பா இறந்த 30 நாளுக்குள் வாரிசுகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். தாமதமானாலும் வழி மூடிவிடவில்லை. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அந்தச் சான்றில் பெயருள்ள மற்ற எல்லோரும் 'இவர் பெயருக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை' என்று தரும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு மகன் படிவம் 31 கொடுக்க வேண்டும். இந்து குடும்பம் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவர் என எல்லோருக்கும் சம பங்கு. 'அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்காங்க, அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க' என்பது ஒப்புதல் ஆகாது. அவர் கையெழுத்தும் வேண்டும். ஆர்.சி. மகன் பெயருக்கு வந்த பிறகுதான் அவரிடமிருந்து உங்களுக்கு 29, 30. அந்த இரண்டாவது கட்டத்துக்கான கட்டணம் வெறும் ₹300. வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் பகுதி அலுவலகமான திண்டுக்கல்லிலேயே விண்ணப்பிக்கலாம்.

நம்பர் ஆன்லைனில் வராததற்குக் காரணம், பழைய கைப்பதிவேட்டு விவரம் அரசின் 'வாகன்' இணையதளத்தில் ஏறாததாக இருக்கலாம். இதை 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். அது ஏறாமல் பெயர் மாற்றம், புதுப்பிப்பு எதற்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியாது. 1984-இல் காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-இல்தான் மாவட்டம் பிரிந்தது. முதல் பதிவு எந்த அலுவலகத்தின் பேரேட்டில் இருக்கிறது என்று ஆர்.சி. புக்கின் முதல் பக்க முத்திரையைப் பார்த்து, அங்கே பி ரிஜிஸ்டர் (அலுவலகம் வைத்திருக்கும் வண்டிப் பதிவேடு) நகல் கேட்கச் சொல்லுங்கள். அந்த நகல் கிடைக்கவே இல்லை என்றால் பேரத்தை அதோடு விட்டுவிடுங்கள். மற்ற எதையும் சரிசெய்யலாம், இதைச் செய்வது கடினம்.

இனி பணம். 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ₹10,000 ஆக்கிவிட்டார்கள். அதோடு தாமதத்துக்கு மாதம் ₹500. 2019 மார்ச்சிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 80 மாதம் என்று வைத்தாலே ₹40,000. இதற்கு மேல் பசுமை வரி. ஆயுட்கால வரி கட்டியதற்கு ரசீது இல்லாவிட்டால் அந்த நிலுவை வேறு. ₹85,000 காருக்கு காகிதச் செலவே ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. 'சும்மா நின்ற வண்டிதானே' என்ற வாதம் கவுண்டரில் எடுபடாது. என் கருத்தைக் கேட்டால், இதே பத்மினி நடப்பு ஆர்.சி.யோடு ₹1,30,000-க்குக் கிடைத்தாலும் அதுதான் மலிவு.

இன்ஜின் விஷயத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். போனட்டைத் திறந்து சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தைத் தேடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேயுங்கள். நம்பர் அப்படியே தாளில் எழும். இன்ஜின் பிளாக்கிலும் இதேபோல் எடுத்து, இரண்டையும் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டரும் இதைத்தான் முதலில் பார்ப்பார். சேஸிஸ் நம்பரில் அரம் போட்ட தடமோ வெல்டிங் தடமோ தெரிந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இன்ஜின் நம்பர் மட்டும் வேறு என்றால், மாற்றியதும் அதே 1089 சிசி பெட்ரோல் இன்ஜின்தானா, அது எந்த வண்டியிலிருந்து வந்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 52. அதை இப்போது வாரிசு செய்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பலர் செய்ததுபோல பெட்ரோல் காரில் டீசல் இன்ஜினை உட்கார வைத்திருந்தால், உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறானது என்று புதுப்பிப்பே நின்றுவிடும். பிரிவு 182ஏ-இன் கீழ் ஒரு மாற்றத்துக்கு ₹5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம்.

புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். ஆர்.சி. காலாவதியான காரை ஆய்வு இடம் வரைகூட ஓட்டிப் போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் பிரிவு 192-இன்படி முதல் தடவையே ₹2,000 முதல் ₹5,000 வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு ₹2,000 தனி. அபராதம் போனால் போகட்டும். ஒருவர் மீது மோதிவிட்டால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்கிற லட்சங்களை ஓட்டிய நீங்களும் விற்பவரின் குடும்பமும்தான் கட்ட வேண்டியிருக்கும். வண்டியை விற்றிருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். பெயர் மாற்றும் வேலையில் அவருக்கே அவசரம் வந்துவிடும்.

ஆறு வருடம் ஷெட்டில் நின்ற பத்மினி ஆய்வில் தவறுவது பெரும்பாலும் பிரேக்கில்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நின்ற வண்டியில் வீல் சிலிண்டரின் ரப்பர் இறுகி பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் பிடித்து மற்றது பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான்குக்கும் புது ரப்பர் கிட், புது பிரேக் ஆயில் போட்ட பிறகே காட்டச் சொல்லுங்கள். டயரில் பட்டன் நிறைய இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2412 என்றால் 2012-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் செய்தது.

புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இந்த வயது பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. பிந்தைய பாரத் ஸ்டேஜ் கார்களுக்கு உள்ள 0.5 சதவீத அளவில் வைத்துச் சோதித்தால் கார்புரேட்டர் வண்டி பெரும்பாலும் தோற்கும். கம்ப்யூட்டரில் உற்பத்தி ஆண்டைச் சரியாகப் போட்டார்களா என்று கூடவே நின்று பாருங்கள். சீட் பெல்ட் வைப்பது 1994 மார்ச் 25-க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் கட்டாயமானது. இருந்தாலும் முன்சீட்டுக்கு இரண்டு மாட்டிக்கொள்ளுங்கள். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்கு அது சட்டத்துக்காக அல்ல.

இன்சூரன்ஸில், 1000 முதல் 1500 சிசி வரையான காருக்கு மூன்றாம் நபர் காப்பு 2022 ஜூன் அறிவிப்புப்படி ₹3,416, ஜி.எஸ்.டி. தனி. பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த ₹20,000. அதை வாங்கியவர் புரோக்கர், விற்பவர் அல்ல. இது உங்கள் பலவீனம். இன்றே மகனுக்கு வாட்ஸ்அப்பில், "காரின் விலை ₹85,000-இல் ₹20,000 அட்வான்ஸாக இன்ன தேதியில் உங்கள் புரோக்கர் மூலம் தந்திருக்கிறேன்" என்று வண்டி நம்பரோடு எழுதுங்கள். அவர் 'ஆமாம்' என்று போட்டால் அதுவே சாட்சி. பிறகு ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். சேஸிஸ், இன்ஜின் நம்பர்கள், 90 நாளுக்குள் படிவம் 31, புதுப்பிப்பு, வரி, தாமதக் கட்டணம் எல்லாம் விற்பவர் செலவில், முடியாவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப, ஆர்.சி. அவர் பெயரில் வந்த நாளில் வங்கி வழியாக மீதிப் பணம். வண்டி கைமாறும் தேதியும் மணியும். இரண்டு சாட்சி போதும்.

அவர் மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு பொருளை விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருந்தாக வேண்டும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 14. மற்ற வாரிசுகளின் ஒப்புதல் இல்லாதவரை முழு காரையும் விற்கும் உரிமை மகனுக்கு இல்லை. பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை புரோக்கர் நீட்டும் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.