பழைய காரில் ஸ்டீயரிங் லூசாக இருந்தால் கோளாறு எங்கே?

ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பியும் முன்சக்கரம் திரும்பாமல் இருக்கும் வெற்று அசைவைத்தான் மெக்கானிக்குகள் 'ப்ளே' என்கிறார்கள். பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி), ஐட்லர் ஆர்ம் (மறுபக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் கை), டை ராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) என வரிசையாகப் பல இணைப்புகள். ஒவ்வொன்றின் சிறு தேய்மானமும் சேர்ந்து கைக்குப் பெரிதாகத் தெரியும்; செயின் தொய்ந்த சைக்கிளில் பெடல் கொஞ்சம் சும்மா நகர்ந்த பிறகே சக்கரம் இழுப்பது போல.

எஞ்சினை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாவிட்டால் தேய்மானம் அங்கேதான். போல்ட் தளர்ந்து பாக்ஸே ஆடுவதும் உண்டு. அதை முதலில் பாருங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள, இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை முறுக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாக்ஸுக்குள் இருக்கும் பல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அதற்கேற்ப இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது தேயாத ஓரப்பகுதியில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும்.